சாட்சி சொன்ன கண்

"அக்கா, இதுக்கு மேலயும் வெளிச்சம் வேணும்னா மேல ஏறிப் போய் சூரியனைத்தான் கழட்டிக்கிட்டு வரணும்" என்று சொல்லிக்கொண்டே எலக்ட்ரீஷியன் மேசைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். அந்த மாதத்தில் அவர் அந்த மேசைக்குப் பல்பு மாற்றுவது மூன்றாவது முறை.

விளக்கக்கா சிரிக்கவில்லை. "மங்கலாத்தான் இருக்குப்பா. புகை படிஞ்ச மாதிரி."

"எனக்குக் கண்ணு கூசுது. உங்களுக்குப் புகையா?"

அவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து மேசையில் இருந்த, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் தோழி ஒன்றும் பேசாமல் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயாதவள் அவள். அவள் சும்மா இருந்ததை விளக்கக்கா அன்றைக்குக் கவனிக்கவில்லை.

கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையம் அது. நாளொன்றுக்கு நாற்பதாயிரம் முட்டை ஒரு வாசலில் நுழையும். இருபத்தோரு நாள் கழித்துக் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு மறு வாசலில் வண்டியேறும். நடுவில் இருப்பதெல்லாம் இயந்திரங்கள்தான். ஆள் உயரத்தைவிடப் பெரிய பெட்டிகள், உள்ளே சூடும் ஈரமும் ஒரு அளவு பிசகாமல் இருக்கும். ஏழாம் நாள் ஒவ்வொரு தட்டும் பெட்டியிலிருந்து இறங்கி இருட்டறைக்கு வரும். தட்டை மேசைமேல் வைத்தால் அடியிலிருந்து விளக்கு ஒவ்வொரு முட்டையையும் ஊடுருவிக் காட்டும். உயிர் பிடித்த முட்டைக்குள் சிவப்பு நூலால் பின்னிய சிலந்தி வலை மாதிரி நரம்புகள் ஓடும். நடுவே கடுகளவு கறுப்பாக ஒன்று துடிக்கும். வெறும் முட்டை நிலா மாதிரி வெறுமனே ஒளிரும். வெறும் முட்டையை எடுத்துக் கூடையில் போட வேண்டும், உயிருள்ளதைத் தொடக் கூடாது. வேலை அவ்வளவுதான். ஆனால் பழுப்பு ஓட்டு முட்டையில் அந்த நூலைப் பார்ப்பதற்குத் தனிக் கண் வேண்டும். அந்தக் கண் விளக்கக்காவுக்கு இருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த மேசையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தவள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

வெயிலிலிருந்து வந்து இருட்டறைக் கதவைச் சாத்தினால் கண் பழகப் பத்து நிமிடம் ஆகும். எல்லோருக்கும் அப்படித்தான். அவளுக்கு இப்போதெல்லாம் அரை மணி ஆனது. அரை மணி கழித்தும் முட்டைக்குள் நூல் இருந்த இடத்தில் கலங்கிய தண்ணீர்தான் தெரிந்தது. வெளியே வந்தால் எந்தக் குறையும் இல்லை. பேருந்தில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தைப் படிப்பாள். ஊசியில் நூல் கோர்ப்பாள். அதனால் பழி பல்பின்மேல் விழுந்தது.

அந்த வாரக் கடைசியில் மேற்பார்வையாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் உடைத்த முட்டை நாலைந்து. ஒவ்வொன்றிலும் நரம்பு ஓடியிருந்தது.

"உங்க கூடையிலிருந்து எடுத்ததும்மா. எல்லாம் உயிர் முட்டை. வெறும் முட்டைன்னு தூக்கிப் போட்டிருக்கீங்க."

"யார் உடைச்சுப் பார்த்தது?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். கதவோரம் நின்ற நெட்டை பதில் சொன்னாள். "நான்தான்கா. ஒரு வாரமா உன் கூடையிலிருந்து நானே எடுத்துத் திரும்பத் தட்டுல வெச்சுக்கிட்டிருந்தேன். தட்டுக்கு மூணு, நாலு. இனிமே என்னால முடியாது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ பல்பை மாத்துவே."

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்வை சரியாக இருக்கிறதென்று ஒரு சான்றிதழ் வாங்கி வரும்வரை தட்டு கழுவும் இடத்தில் இருக்கச் சொன்னார். சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஆனாலும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டவள் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்பதுதான் அவளை அறுத்தது. அன்று மாலை உடை மாற்றும் அறையில் நெட்டை ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவள் அலமாரிக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணிவரை அவருக்கு வேலை இல்லை. மறுநாள் அந்த வேனிலேயே அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

"கண்ணாடி போடச் சொல்லுவாங்க, வேற ஒன்னும் இருக்காது. எனக்கும் போட்டாங்கல்ல?"

"எனக்கு எழுத்தெல்லாம் தெரியுது."

"அப்போ எழுத்தில்லாததுக்கு ஒரு கண்ணாடி குடுப்பாங்க."

ஆஸ்பத்திரியில் சின்னப் பெண் ஒருத்தி சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டினாள். விளக்கக்கா கடைசி வரிவரை தட்டாமல் படித்தாள். "பார்வை நல்லா இருக்கும்மா" என்று அந்தப் பெண் சான்றிதழ் தாளை எடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் மறுநாளே அவள் தன் மேசையில் உட்கார்ந்திருக்கலாம். அவள் கை நீளத்தான் செய்தது. அந்தக் கிண்ணம் கண்முன் வந்தது.

"எழுதாதம்மா. எழுத்து தெரியுது. இருட்டுல மெல்லிசா ஒரு கோடு, அதுதான் தெரியல. நான் உயிர் முட்டையைத் தூக்கிப் போட்டுக்கிட்டிருக்கேன்."

அந்தப் பெண்ணுக்கு அது புரிந்ததோ இல்லையோ, தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் மருந்து விட்டாள். பாவை விரிய முக்கால் மணி நேரம். பிறகு மருத்துவர் வந்தார். நரை விழுந்த, கட்டையான அம்மாள். நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்துக்கொண்டு அவள் கண்ணுக்குள் குனிந்தார். மேலே பார், கீழே பார், இடது பக்கம் பார் என்றார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். எழுந்து போய் இன்னொரு மருத்துவரைக் கூட்டி வந்தார். அவரும் குனிந்து பார்த்து, "ஓ" என்றார்.

"என்னம்மா, ஏதாவது பெரிசா?" என்று வேன்காரர் எழுந்தே விட்டார்.

"உட்காருங்க. அம்மா, நீங்க கடைசியா எப்போ ரத்தம் டெஸ்ட் பண்ணினீங்க?"

"பிரசவத்தப்போ. மகளுக்கு இப்போ பத்தொம்பது."

மருத்துவர் ஒரு படம் எடுத்துக் கணினித் திரையில் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதில் கிளை கிளையாக நரம்புகள். "இது இன்னொருத்தரோட விழித்திரை. ரத்தக் குழாய் சிவப்பா இருக்கு பாருங்க. இப்போ உங்களோடது." அடுத்த வட்டத்தில் அதே கிளைகள், ஆனால் பாலேடு நிறத்தில். வெள்ளை நூலைப் போட்டு வைத்த மாதிரி.

"ரத்தம் எங்கம்மா போச்சு?" என்றாள் விளக்கக்கா.

"ரத்தம்தான் அது. அதுல கொழுப்பு அவ்வளவு கலந்திருக்கு."

வேன்காரருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "இவளுக்குக் கொழுப்பு அதிகம்னு கல்யாணமான முதல் வாரமே எனக்குத் தெரியும் டாக்டர்."

மருத்துவர் சிரித்தார். விளக்கக்காவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். எடுத்த பையன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "உண்மையைச் சொல்லுங்கம்மா, என்ன சாப்பிட்டு வந்தீங்க?" என்று கேட்டான்.

"தண்ணி கூடக் குடிக்கலப்பா."

குழாய்க்குள் ரோஜாப் பால் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்ததும் மேலே வெள்ளையாக ஆடை கட்டியது. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டிய ஒரு வகைக் கொழுப்பு அவளுக்கு நாலாயிரத்து முந்நூறு. கூடவே இத்தனை நாளாக ஒளிந்திருந்த சர்க்கரையும் வெளிப்பட்டது.

அதோடு விழித்திரை எப்படி வேலை செய்கிறதென்று ஒரு சோதனை. அரை மணி நேரம் கும்மிருட்டில் உட்கார வைத்து, கீழிமைக்குள் மயிரிழை போல ஒரு கம்பியைச் செருகி, ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே பளிச் பளிச்சென்று ஒளி வெட்டியது. ஒவ்வொரு வெட்டுக்கும் விழித்திரை எவ்வளவு பதில் சொல்கிறதென்று இயந்திரம் ஒரு அலையாக வரைந்தது. மலை மாதிரி எழும்ப வேண்டிய அலை அவளுக்கு மேடு மாதிரிதான் எழும்பியது.

"பாதிதான் பதில் வருது" என்றார் மருத்துவர். "குறிப்பா இருட்டுல வேலை செய்யற பகுதி. திரை கிழியல, நரம்பு சாகல. கொழுப்பு ரத்தத்தை வாங்கிக்கிட்டு அது சோர்ந்து போய் இருக்கு, அவ்வளவுதான். நிறைய பேருக்கு இந்த நிலைமையில கண்ணுல எந்த வித்தியாசமும் தெரியாது. வேற எதுக்காவது பார்க்கும்போது நாங்களே தற்செயலாக் கண்டுபிடிப்போம். நீங்க இருட்டுல கோடு தேடற வேலை பார்க்கிறீங்க. அதனாலதான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"திரும்பி வருமா டாக்டர்?"

"கொழுப்பு இறங்கினா பெரும்பாலும் வரும். சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எனக்குக் கண்ணைவிட உங்க வயித்தைப் பத்திதான் பயம். இவ்வளவு கொழுப்பு இருந்தா கணையம் வெந்து போகும். மேல் வயித்துல வலி வந்து முதுகுப் பக்கம் குத்தினா ஒரு நிமிஷம் தாமதிக்காம வரணும். உயிருக்கே ஆபத்து. உங்க குடும்பத்துல யாருக்காவது அந்த மாதிரி வலி வந்திருக்கா? இது பரம்பரையா வர்றது."

விளக்கக்கா புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தார்.

"எங்கப்பா அப்படித்தான் போனாரு. நாப்பத்தி நாலு வயசு. வயித்து வலின்னு படுத்தாரு, மூணே நாள்." கொஞ்சம் தயங்கினாள். "தம்பிக்கு அப்பப்ப வரும். ஆனா அது வேற டாக்டர். அவன் குடிப்பான்."

"இப்பவும் குடிக்கறாரா?"

"விட்டுட்டேன்னு சொல்றான். மூணு வருஷமா அதையேதான் சொல்றான். வலி வந்து போறப்பல்லாம் ஆஸ்பத்திரியில குடியாலதான்னு சொல்லுவாங்க."

"குடிக்காமலும் வரும்மா" என்றார் மருத்துவர், மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே.

அந்த இரண்டு சொல்லை அவள் வீடு போகும்வரை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து மாடி, இருபது மாடிக் கட்டடங்களில் அந்த இருட்டுக் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவன். ஒரு காலத்தில் நன்றாகவே குடித்தான், அதை யாரும் மறைக்கவில்லை. மகள் பிறந்த அன்றைக்கு விட்டுவிட்டதாகச் சொன்னான். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்வது நிற்கவில்லை. நாலு மாதத்துக்கு ஒரு தரம் வரும். இரண்டாவது முறை வந்தபோது நிறுவனத்தில் அவனைக் குழிக்குள் இறக்குவதை நிறுத்திவிட்டுக் கிடங்கில் கிரீஸ் டப்பா எண்ண வைத்தார்கள். மூன்றாவது முறை வந்தபோது பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "குடிக்கறதைக் கூடப் பொறுத்துக்குவேன் அண்ணி, பிள்ளை தலையில அடிச்சுப் பொய் சொல்றாரு பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்று அவள் சொன்னபோது விளக்கக்கா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனாள். தனி ஆள் வீடு என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர். சட்டியில் உருளைக்கிழங்கு எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. அவள் நேராகப் போய் அடுப்பை அணைத்தாள்.

"என்னக்கா, வந்ததும் வராததுமா?"

கண்ணில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"அதனால நீயும் வந்து ஒரு ரத்த டெஸ்ட் குடுத்துடு."

"எதுக்கு?"

"உனக்கு வர்ற வலி குடியால இல்லாம இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க."

"இதைத்தானேக்கா மூணு வருஷமா நானும் சொல்றேன்?" அவன் குரல் உயரவில்லை. "நான் வாயால சொன்னேன், நீ நம்பல. உன் கண்ணு வந்து சொன்னாத்தான் நம்புவியா?"

"நம்பறேன்டா. அதனாலதான்..."

"டெஸ்ட் எடுத்து அதுல தெரிஞ்சா நான் யோக்கியன். தெரியலைன்னா நான் குடிகாரன். அப்படித்தானே? எனக்கு வேண்டாம். போ."

அடுப்பைத் திரும்பப் பற்றவைக்க விடாமல் சட்டியிலிருந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு வந்ததுதான் அன்று அவளால் முடிந்தது. அதற்குப் பிறகு நாலு தடவை கூப்பிட்டாள். நாலு தடவையும் அவன் வேலையாக இருப்பதாகச் சொன்னான்.

அவள் வீட்டில் எண்ணெய்ப் பாத்திரம் பரண் ஏறியது. மருத்துவர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு தேக்கரண்டியைக் காட்டியிருந்தார். வறுத்தது, பொரித்தது, வெண்ணெய், இனிப்பு எல்லாம் நின்றது. காய்கறியை ஆவியில் வேகவைத்து எலுமிச்சை பிழிந்தாள், மீனைச் சுட்டாள், பருப்பை வெறுமனே கடைந்தாள். முதல் பத்து நாள் சட்டியில் ஒட்டியிருக்கும் மொறுமொறுப்பு கனவில் வந்தது. வேன்காரரும் மகளும் அதையேதான் சாப்பிட்டார்கள்.

"நீங்க வெளியில சாப்பிட்டுக்கங்க. உங்களுக்கென்ன தலையெழுத்தா?" என்றாள் ஒரு நாள்.

"வெளியில சாப்பிட்டா நீ வாசனை பார்ப்பே."

"பார்க்க மாட்டேன்."

"பார்ப்பே. அதுவுமில்லாம, என் பேண்ட் இப்போ பெல்ட் இல்லாம நிக்க மாட்டேங்குது. பிள்ளைங்கல்லாம் அங்கிள் ஒல்லியாயிட்டாருங்குதுங்க. எனக்குப் பிடிச்சிருக்கு." சொல்லிவிட்டு ஆவியில் வெந்த முட்டைக்கோஸை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். அவர் பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பொய்க்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

நடுவில் ஒரு நாள் தட்டு கழுவும் தொட்டியருகே நெட்டையைப் பிடித்து நிறுத்தினாள். உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்தியதிலிருந்து இருவரும் பேசவில்லை.

"நீ சொல்லலைன்னா நான் பல்பைத்தான் மாத்திக்கிட்டு இருந்திருப்பேன்."

நெட்டை சோப்பு நுரையைப் பார்த்தாள். "அன்னைக்கு வீட்டுக்குப் போய் சோறு இறங்கலக்கா எனக்கு."

"உசிரு காப்பாத்தியிருக்கே. கண்ணுக்காகப் போனேன், அவங்க வயித்துக்குத்தான் முதல்ல வைத்தியம் பார்த்தாங்க."

"சரி சரி, அதுக்குன்னு கால்ல விழுந்துடாதே. நான் இருக்கிற உயரத்துக்கு உன்னைக் குனிஞ்சு தூக்க முடியாது." அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "ஒரு வாரம் ரெண்டு பேர் தட்டைப் பார்த்து என் கண்ணுதான்கா போச்சு. சீக்கிரம் வந்து உன் இடத்துல உட்காரு."

மூன்று மாதம் கழித்துக் கொழுப்பு நானூறுக்கு இறங்கியது. மறுபடியும் கும்மிருட்டு, மயிரிழைக் கம்பி, வெள்ளைக் கிண்ணம். மருத்துவர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேடு மலையாகியிருந்தது. படத்தில் நரம்புகள் சிவந்து கிடந்தன. மருத்துவரே தன் கையால் சான்றிதழ் எழுதினார். "இருட்டில் செய்யும் நுண்ணிய வேலைக்கும் தகுதியானவர்" என்று அதில் ஒரு வரி சேர்த்தார். "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றாள் விளக்கக்கா.

அந்தப் படங்களும் தாள்களும் அடங்கிய உறை மடியில் இருக்க, வேன் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதுதான் கைப்பேசி அடித்தது. தம்பியின் கிடங்கில் வேலை செய்கிறவன். "அக்கா, அவன் மறுபடி சுருண்டுட்டான். இந்தத் தடவை ரொம்ப மோசம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துட்டோம்."

நண்பகல் வெயிலில் வேன் பறந்தது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி ஒரு கூட்டம். தம்பி முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடந்தான். முகம் சாம்பல் நிறம். தலைமாட்டில் ஒரு இளம் மருத்துவர் பலகையில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். முந்தின இரவும் தூங்காதவர் என்று அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"எத்தனை வருஷமாக் குடி?" என்று அவர் கூட வந்தவனைக் கேட்டார்.

"அது சார், ரொம்ப நாளா..."

"எழுதாதீங்க" என்றாள் விளக்கக்கா.

அவள் குரல் அந்த அறைக்கு மிகப் பெரியதாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க யாரும்மா?"

"கூடப் பொறந்தவ. அதை எழுதறதுக்கு முன்னாடி இவன் ரத்தத்தை எடுத்துக் கொழுப்பு எவ்வளவுன்னு பாருங்க."

"அம்மா, இந்த மாதிரி கேஸ் தினம் பத்து பார்க்கிறேன். முதல்ல வலிக்கு..."

"வலிக்கு ஊசி போடுங்க, ட்ரிப் ஏத்துங்க, எல்லாம் பண்ணுங்க. நான் குறுக்கே நிக்கல. ஆனா குடிகாரன்னு எழுதிட்டா அப்புறம் எவனும் வேற எதையும் தேட மாட்டான். எங்கப்பாவுக்கும் யாரும் தேடல. மூணு வருஷமா இவனுக்கும் தேடல. இவன் குடிக்கறதில்ல டாக்டர். நான் சொல்றேன். மூணு வருஷமாக் குடிக்கறதில்ல."

சொன்ன பிறகுதான், அதை முதல்முறையாகச் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. தம்பி கண்ணைத் திறந்தான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அவளைப் பார்த்தான்.

அவள் உறையைப் பிரித்து, வெள்ளை நரம்புப் படத்தை மருத்துவரின் பலகைமேல் வைத்தாள். "இது என் கண்ணு. மூணு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது. நாலாயிரத்து முந்நூறு இருந்துச்சு. பரம்பரைன்னு சொன்னாங்க."

இளம் மருத்துவர் படத்தை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் களைப்பு கொஞ்சம் கலைந்தது. "புத்தகத்துலதான் பார்த்திருக்கேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எழுதின தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நர்சைக் கூப்பிட்டார்.

குழாயில் வந்ததைப் பார்க்க நர்ஸ் இன்னொரு நர்சைக் கூட்டி வந்தாள். ஒன்பதாயிரத்து எழுநூறு.

ஐந்து நாள் தீவிரச் சிகிச்சை. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கை இரண்டிலும் குழாய். இரண்டாம் நாள் மூச்சுத் திணறியபோது வேன்காரர் நடைபாதைச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நாலாம் நாள் இளம் மருத்துவர் தன் வேலை நேரம் முடிந்த பிறகும் வந்து கட்டிலருகே நின்று, "நான் முதல்ல தப்பா எழுதினேன். மன்னிச்சுக்கங்க" என்று தம்பியிடம் சொன்னார். பேச முடியாத தம்பி அவர் கையைத் தட்டிக்கொடுத்தான்.

விளக்கக்கா அவன் பெண்டாட்டியைத் தேடிப் போனாள். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள், "அவன் பொய் சொல்லலம்மா. நாமதான் தப்பு." அந்தப் பெண் பிள்ளையின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். வாரி முடித்துப் பின்னி, ரிப்பன் கட்டி, "பஸ் எத்தனை மணிக்கு அண்ணி?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற நாள். தம்பி பாதியாக இளைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மகள் அவன் கையில் கட்டியிருந்த ஆஸ்பத்திரிப் பட்டையைச் சுற்றிச் சுற்றி விளையாடினாள். பெண்டாட்டி பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் அதிகம் பேசவில்லை. ஆனால் மாத்திரை எப்போது என்று அவள்தான் நர்சிடம் கேட்டுக்கொண்டாள்.

நர்ஸ் அறிக்கையைக் கொடுத்தாள். தம்பி அதை அக்காவிடம் நீட்டினான். "கண்ணாடி இல்ல. நீ படி. அந்தக் கடைசி வரி."

அவள் படித்தாள். "பரம்பரை ரத்தக் கொழுப்பு மிகுதியால் ஏற்பட்ட கணைய அழற்சி. மது காரணம் அல்ல."

"இன்னொரு தடவை."

படித்தாள்.

"கீழ ஜெராக்ஸ் கடை இருக்கு. பத்து காப்பி எடுத்துட்டு வா."

"பத்து எதுக்குடா?"

"கம்பெனியில ஆளுக்கு ஒன்னா ஆறு. மாமனார் வீட்டுக்கு ஒன்னு, மச்சினன் தனிக்குடித்தனம், அவனுக்கு ஒன்னு. வீட்டுக்காரருக்கு ஒன்னு. மாடிவீட்டம்மாவுக்கு ஒன்னு, அது போதும், மீதி தெருவுக்கு அதுவே சொல்லிடும்."

வேன்காரர் சிரித்துவிட்டார். "மாப்ள, போஸ்டரா அடிச்சு ஒட்டிடலாமா?"

விளக்கக்கா மாடிப்படி இறங்கிப் போய்ப் பத்துக்குப் பன்னிரண்டாக எடுத்து வந்தாள். தாள்கள் இன்னும் சூடாக இருந்தன. தம்பி அவற்றை மடியில் வைத்துத் தட்டி ஒழுங்குபடுத்தி, மேலிருந்து ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இது உனக்கு."

"எனக்கெதுக்குடா?"

"மூணு வருஷத்துல ஒரு தடவை கூட நீ எனக்காகப் பேசல. அதுக்கு ஒன்னு." இன்னொரு தாளை எடுத்தான். "அன்னைக்கு அத்தனை பேருக்கு நடுவுல கத்தினியே, அதுக்கு இது."

அவள் இரண்டையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவன் கட்டிலின் விளிம்பைப் பிடித்து மெதுவாக எழுந்து நின்றான்.

"பசிக்குதுக்கா. எண்ணெய் இல்லாம மனுஷன் என்னத்தைச் சாப்பிடறது?"

"நிறைய இருக்கு" என்றாள் விளக்கக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வீட்டுக்கு வா. நேத்தே வாங்கி வெச்சிருக்கேன்."